சே என்றால் மருந்து

ரங்கூனில் நாங்கள் குடியிருந்த லான்மடாவ் தெருவில் என் வாயைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. கூடையில் மீன் கொண்டுவருகிற பர்மாக்காரி என்னைக் கண்டதும் விலையைத் தானே குறைத்துச் சொல்லிவிடுவாள். குழாயடியில் என் முறை வந்தால் ஒருவரும் குறுக்கே குடத்தை நீட்டமாட்டார்கள். என் வீட்டுக்காரர் டிராம் வண்டி ஓட்டுகிறவர். பகலெல்லாம் மணியை மிதித்து ஊரையே ஒதுங்கச் சொல்கிறவர், வீட்டுக்கு வந்தால் என் எதிரில் ஒதுங்கித்தான் நடப்பார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட வாய் ஒருநாள் நின்றுபோனது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒரு வருஷம், தீபாவளி முடிந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். காலையில் கண் விழித்தேன். அரிசி ஆலைச் சங்கு ஊதியது. எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும் என்று தெரிந்தது. அடுப்பு என் பாயிலிருந்து பத்தடிகூட இருக்காது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, கைகால் எல்லாம் சொன்னால் அசைந்தன. சொல்லத்தான் ஆள் இல்லை. உள்ளே இருந்து 'எழுந்திரு' என்று என்னை அதட்டுகிற ஒருத்தி எப்போதும் இருந்தாளே, அவளைக் காணவில்லை.

காரணம் என்ன என்று கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்காரர் குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார். நாலு வயதில் ஒரு பெண், கொழுக்கட்டை மாதிரிக் கன்னம். தீபாவளிக்கு எடுத்த புடவையில் இன்னும் கடை மடிப்புக்கூடக் கலையவில்லை. காரணம் இருந்திருந்தால் அதைப் பிடித்து நாலு வார்த்தை வைதிருப்பேன். இல்லாத ஒன்றை எப்படி வைவது?

துக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். துக்கம் எனக்குத் தெரியும். என் அம்மா செத்தபோது வந்தது துக்கம். அழுதேன், கடவுளைத் திட்டினேன், அழுது முடித்துப் பசித்துச் சாப்பிட்டேன். இதில் அழுகை வரவில்லை. சோறு வாயில் வெறும் ஈரமாக இருந்தது. என் பெண் தலையில் சிக்கு விழுந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன், கை போகவில்லை. 'நீ ஒரு தாயா' என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. நாள் முழுவதும் பேசாத என்னிடம் நாள் முழுவதும் பேசியது அது ஒன்றுதான்.

முதல் வாரம் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். "இப்பத்தான் வீடு வீடாட்டம் இருக்கு" என்று கேலி செய்தார். நான் பதிலுக்கு ஒன்று கொடுப்பேன் என்று எதிர்பார்த்து நின்றார். கொடுக்கவில்லை. மூன்றாவது வாரத்தில் அவர் கேலியை நிறுத்திவிட்டார். கோயிலிலிருந்து திருநீறு வந்தது. கீழே கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டு அம்மா ஓதின தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் எல்லாம் அன்பாகத்தான் செய்தார்கள், அதில் நான் குறை சொல்லமாட்டேன். குழாயடியில் மட்டும் 'சோம்பேறித்தனத்துக்கு வியாதி என்று ஒரு பேரா' என்று பேசிக்கொண்டது மாடி வரைக்கும் கேட்டது. என் வாய்க்குப் பயந்திருந்தவர்கள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அப்போது பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் மாடியிலேயே, நடைக்கு எதிர்வாசலில் ஒரு பர்மாக்காரி குடியிருந்தாள். நாற்பது வயது இருக்கும். புருஷன் ஆற்றுக் கப்பலில் வேலை. போனால் மாதக்கணக்கில் மேலே மாண்டலே பக்கம் போய்விடுவான். இவள் வீட்டில் உட்கார்ந்து சுருட்டு உருட்டிக் கடைகளுக்குக் கொடுப்பாள். பர்மாவில் அக்காளை மமா என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவளுக்குத் தமிழ் நாலு வார்த்தை, எனக்குப் பர்மியம் சந்தைக்குப் போய்வருகிற அளவுக்கு. அதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம்.

ஒருநாள் அவள் தன் சுருட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் பாய் அருகில் உட்கார்ந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. இலையை நீவி, தூளை வைத்து, உருட்டி, நுனியை மடித்து அடுக்கினாள். நடுவில் என் பெண்ணை இழுத்து மடியில் போட்டுத் தலைச்சிக்கை எடுத்தாள். கன்னத்தில், பர்மாக்காரிகள் பூசுகிற 'தனக்கா' என்கிற மரக்கட்டையை அரைத்து மஞ்சளாகப் பூசிவிட்டாள். போகும்போது கஞ்சியை என் கையில் கொடுத்து, நான் குடிக்கும்வரை நின்று பார்த்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஏதாவது கேட்டார்கள். கேட்காமல் வந்தவள் அவள் ஒருத்திதான். அவள் இருக்கும் நேரத்தில் அந்த உள்குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

தை மாதத்தில் ஒரு மத்தியானம் வீட்டுக்காரர் சாப்பிட வந்திருந்தார். மமா அவரை வாசலில் நிறுத்தி என்னைக் காட்டி என்னவோ சொன்னாள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இரண்டு சொல் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. "செயிட் ஞிட்" என்றாள். பிறகு "சே, சே" என்றாள்.

இங்கே என் வீட்டுக்காரரின் பர்மியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் கற்றது முழுக்க டிராம் பர்மியம். 'தெட்' என்றால் ஏறு, 'சின்' என்றால் இறங்கு. ஜனங்கள் கோபப்பட்டால் 'செயிட்' என்று தொடங்கித்தான் ஏதோ சொல்வார்கள், ஆகவே செயிட் என்றால் மனசு. பெஞ்சில் எவனாவது வெற்றிலை துப்பியிருந்தால் 'ஞிட்பட்' என்று முகம் சுளிப்பார்கள், ஆகவே ஞிட் என்றால் அழுக்கு. காலையில் டிராம் கொட்டகையில் வண்டியைக் கழுவுகிற ஆட்களிடம் மேஸ்திரி 'சே, சே' என்று கத்துவான், ஆகவே சே என்றால் கழுவு. ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் வைத்திருந்த அர்த்தம் சரியானதுதான். மூன்றையும் சேர்த்தார். இந்தப் பர்மாக்காரி என் வீட்டு வாசலிலேயே நின்று, என் பெண்டாட்டி மனசு அழுக்கு என்கிறாள், கழுவு என்கிறாள்.

நம் பாஷையில் ஒருத்தியை மனசு அழுக்கு என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். கெட்டவள், வஞ்சகி, அதற்கு மேலும் சொல்லலாம். போதாததற்கு அந்த 'சே' வேறு. நாம் சாணியை மிதித்தால் சொல்கிற சொல் அது. அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஒன் மனசு அழுக்காம், கழுவணுமாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நல்ல மனுஷன், யாரையும் வைது பழக்கமில்லாதவர், வைவதற்குப் பர்மியமும் தெரியாது. கோபத்தில் அவருக்கு வந்த சொல் ஒன்றுதான்.

"சின்" என்றார். "சின், சின்."

இறங்கு, இறங்கு. டிராமில் டிக்கெட் இல்லாதவனை இறக்குகிற மாதிரி அவளை எங்கள் வாசலிலிருந்து இறக்கினார். கையால் நடையைக் காட்டி, இனிமேல் இந்தப் படி தாண்டக்கூடாது என்று சைகை செய்தார்.  மமா தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்காக அவர் சண்டை போட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் எனக்கிருந்த ஒரே துணையோடு போட்டார். எழுந்து தடுத்திருக்கலாம். 'நீ ஒரு தாயா' என்று கேட்ட குரல், 'பார், அவளுக்கும் தெரிந்துவிட்டது' என்றது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு கதவுக்கு வெளியே சரசரவென்று சுருட்டு இலை நீவுகிற சத்தம் கேட்டது. கதவின் கீழ் இடுக்கில் பார்த்தேன். எங்கள் வீட்டுப் படிக்கு ஒரு சாண் அந்தப் பக்கத்தில் மமா உட்கார்ந்திருந்தாள். படி தாண்டக்கூடாது என்றாரல்லவா, அவள் தாண்டவில்லை. அந்த நடை பகலிலும் இருட்டாக இருக்கும். எலி போவதுகூடத் தெரியாது. அங்கே உட்கார்ந்து அவள் தினமும் சுருட்டு உருட்டினாள். பின்னாளில் ஏன் அங்கே வந்து உட்கார்ந்தாய் என்று கேட்டதற்கு, "அங்கேதான் வெளிச்சம் நல்லா இருக்கும்" என்றாள். எனக்கே காது குத்தினாள்.

மாசி பிறந்தது. வீட்டுக்காரரின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. சமைப்பது, பெண்ணைக் குளிப்பாட்டுவது, வேலைக்கு ஓடுவது எல்லாம் அவர் தலையில். ஒரு சாயங்காலம் பாயின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நம்ம கொட்டகையில வேல பாக்குறவரு குடும்பத்தோட நாகப்பட்டினம் போறாரு. அடுத்த வாரம் கப்பலு. பாப்பாவ அவங்களோட அனுப்பிடறேன். எங்க அக்கா வளத்துக்கும். ஒனக்கு முடியல, எனக்கும் முடியல. வேற என்னா செய்யச் சொல்ற?"

 அவர் எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. என் குழந்தையைக் கடல் தாண்டி அனுப்பப்போகிறேன் என்கிறார். என் வயிறு பதறவில்லை. தொட்டுப் பார்த்தேன். மார்பு அடித்துக்கொள்ளவில்லை. பெண் எதிரில் ஈயத் தட்டைக் கவிழ்த்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் போய்விட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது என்று அப்போது தோன்றியது. அதற்கு அடுத்தபடியாக, நான் போய்விட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றும் தோன்றியது. அந்த இரண்டாவது எண்ணம் வெகு சாதுவாக, நல்ல பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்துத்தான் பயந்தேன். பல மாதத்துக்குப் பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அந்தப் பயம். அந்தப் பயத்தைக் கும்பிட வேண்டும்.

மறுநாள் காலை அவர் போன பிறகு வெளியே இலைச் சத்தம் கேட்டது. கதவு வரைக்கும் போக எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. கொஞ்ச தூரம் நடந்தேன், மிச்சத்தைச் சுவரைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். கதவைத் திறந்ததும் மமா நிமிர்ந்து பார்த்தாள். என்ன சொல்வது? என் சந்தைப் பர்மியமும் மறந்து போயிருந்தது. அவள் அன்றைக்குச் சொன்னதுதான் நினைவில் இருந்தது. என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்ன அர்த்தத்தில்தான் அதை நான் சொன்னேன். ஆமாம், நான் கெட்டவள்தான், அழுக்குப் பிடித்தவள்தான், ஒத்துக்கொள்கிறேன் என்று மார்பைத் தொட்டுக் காட்டினேன்.

"செயிட் ஞிட்" என்றேன்.

மடியிலிருந்த இலையெல்லாம் கொட்ட மமா எழுந்தாள். என் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள், என் செருப்பை எடுத்துத் தெருவைப் பார்க்க வைத்தாள், என் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். நாங்கள் தெருவில் இறங்கி நின்றோம். நாலு மாதமாக நான் வெயிலைப் பார்க்கவில்லை. இரண்டு டிராம் வந்தது. அவள் என்னை ஏறவிடவில்லை. மூன்றாவது டிராம் வளைவில் திரும்பும்போதுதான் எனக்கு விளங்கியது. முன்னால் நின்று ஓட்டிக்கொண்டு வந்தவர் என் வீட்டுக்காரர்.

அவர் எங்களைப் பார்த்தார். வாய் திறந்தது. கையை எடுக்க முடியாது, வண்டியை விட்டு இறங்க முடியாது. அவர் இறக்கிவிட்டவளையும், பாயை விட்டு எழுந்திருக்காத பெண்டாட்டியையும், கப்பலில் அனுப்ப இருந்த மகளையும் அவரே ஏற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. மமா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முதுகு தெரிந்தது. கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியும் அவர் வேலை செய்வதை நான் பின்னாலிருந்து பார்த்ததில்லை. சட்டை தோளில் தொங்கியது. கழுத்து இளைத்து நரம்பு தெரிந்தது. இந்த மனுஷன் எப்போது இப்படிக் கிழவனாகப் போனார் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க எனக்குச் சக்தி இல்லை.

பெரிய ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கினோம். பெண்களைப் பார்க்க ஒரு பர்மிய லேடி டாக்டர் இருந்தார். கண்ணாடி போட்ட சின்ன உருவம். பேச்சை எடுத்துச் சொல்ல ஒரு தமிழ் ஆயா இருந்தாள். மமா டாக்டரிடம் அதே இரண்டு சொல்லைச் சொன்னாள். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

"எப்ப இருந்து தங்கச்சி?" என்று ஆயா கேட்டாள்.

தீபாவளியிலிருந்து என்றேன். டாக்டர் அடுத்துக் கேட்டதை ஆயா சொன்னாள். "கருக்கல்லயே முழிப்பு வந்துடுதா? அப்பறம் தூக்கம் வராதா? காலையிலதான் ரொம்ப மோசம், பொழுது சாஞ்சா கொஞ்சம் தேவலையா? சோத்துல ருசியே இல்லையா? எல்லாம் ஒன் தப்புன்னே தோணுதா?"

நான் அந்த டாக்டர் அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, கோயிலில் தெரியாது, என்னைப் பெற்றவள் இருந்திருந்தால் அவளுக்கும் தெரியாது. முன்பின் பார்த்தறியாத ஒருத்தி, என் பாஷைகூடத் தெரியாதவள், அது எத்தனை மணிக்கு வரும் எத்தனை மணிக்குத் தணியும் என்பது வரைக்கும் சொல்கிறாள். அப்படியென்றால் இது இதற்கு முன்பு வேறு யாருக்கோ வந்திருக்கிறது. ஒருத்திக்கு இல்லை, பலபேருக்கு வந்திருக்கிறது. அவர்கள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள். என் உடம்பு சிலிர்த்தது. எத்தனையோ கோபுரம் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு சிலிர்ப்பு வந்ததில்லை.

பிறகு டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என் கண்ணைப் பார்த்து ஒன்று கேட்டார். ஆயா கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சொன்னாள். "செத்துப் போயிடலாம்னு தோணுதான்னு கேக்குறாங்க."

அதை ஒருவர் வாய்விட்டுக் கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. "நேத்து தோணுச்சு" என்றேன். சொன்னதும் அழுகை வந்தது. நாலு மாதத்து அழுகை. மமா என் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. நான் அழுது முடித்ததும் அவர் சொன்னதை ஆயா ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். இது வியாதி. சோம்பேறித்தனம் இல்லை, பாவம் இல்லை, காற்றுக் கருப்பு இல்லை. காரணம் இல்லாமலும் வரும். போகும், ஆனால் மெதுவாகப் போகும், நடுவில் திரும்பியும் வரும். தூக்கத்துக்கு மருந்து தருகிறேன், அதை உன்னோடு வந்த அம்மா கையில்தான் கொடுப்பேன். தினமும் காலையில் வெயில் படும்படி நடக்க வேண்டும். தனியாக இருக்கக்கூடாது. அந்த எண்ணம் மறுபடி வந்தால் அந்த நிமிஷமே யாரிடமாவது சொல்ல வேண்டும். வாரா வாரம் என்னிடம் வர வேண்டும். பெரிய முடிவு எதையும் இப்போது எடுக்கக்கூடாது.

"கொழந்தைய ஊருக்கு அனுப்பறதா இருக்காங்க" என்றேன். டாக்டர் என் பெண்ணைப் பார்த்தார். அனுப்ப வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

வேலை முறை மாறியதும் வீட்டுக்காரர் சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் ஓடிவந்தார். மமாவைக் கண்டதும் நின்றார். ஆயா அவரிடம், "வீட்டுக்காரரா? பயப்படாதீங்க, செயிட் ஞிட்டுதான். இதோ சே குடுத்திருக்காங்க" என்று மருந்துச் சீசாவைத் தூக்கிக் காட்டினாள்.

"அழுக்குன்னுதானே அர்த்தம்?" என்றார் அவர்.

"அழுக்காவது, ஒண்ணாவது. மனசு வாடிப் போறதுக்கு இவங்க பாஷையில அதான் சொல்லு. எல்லாரும் சொல்லுவாங்க. சேன்னா மருந்து. நீங்க எறங்குன எடத்துக்குப் பேரே சே யோன்தானே, மருந்து வீடு."

அந்த நிறுத்தத்தில் அவர் தினமும் பலதடவை வண்டியை நிறுத்தியிருக்கிறார். ஜனங்கள் சே யோன், சே யோன் என்று சொல்லிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். அது ஏதோ இடத்தின் பெயர் என்று நினைத்திருந்தார், பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. கழுவுவதற்கும் மருந்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற பாஷை அது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத கண்ணீர் இன்னும் காயவில்லை, அதற்குள் சிரித்தேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. மமாவின் முகத்தைப் பார்க்காமல் பெண்ணை வாங்கிக்கொண்டார். கப்பல் எங்கள் பெண்ணை ஏற்றிக்கொள்ளாமல் போயிற்று.

அன்றைக்கே தேறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மருந்து வேப்பெண்ணெயைத் தோற்கடிக்கிற கசப்பு. காலையில் மமா வந்து என் செருப்பைத் தெருவைப் பார்க்க வைத்துவிட்டு நிற்பாள். மனசுக்குள் அவளைப் பச்சையாகத் திட்டிக்கொண்டு நடப்பேன். முதல் வாரம் தெருமுனை வரைக்கும், அப்புறம் சந்தை வரைக்கும், அப்புறம் ஆற்றங்கரை வரைக்கும். நாலு நாள் நன்றாக இருக்கும், ஐந்தாம் நாள் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவேன். எல்லாம் போச்சு என்று நினைப்பேன். ஆறாம் நாள் செருப்பு தெருவைப் பார்த்துக் காத்திருக்கும். அந்த எண்ணம் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் எதிர்வாசலுக்குப் போய்ச் சொன்னேன். அவள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து இலையை என் கையில் கொடுத்தாள்.

சித்திரையில் பர்மாக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுகிற பண்டிகை வரும். வருஷப் பிறப்புக்காகப் பழைய அழுக்கைக் கழுவிவிடுவார்கள். தெருவெல்லாம் வாளியும் கூச்சலுமாக இருக்கும். டிராம் ஓட்டுகிறவர்கள் வீட்டுக்கு வருவதற்குள் நாலுதடவை நனைந்துவிடுவார்கள். மமா என்மேல் வாளியைக் கவிழ்க்கவில்லை. வெள்ளிக் கிண்ணத்தில் பூப்போட்ட தண்ணீர் கொண்டுவந்து என் தோளில் கொஞ்சமாக ஊற்றினாள். அது முதுகில் இறங்கியது. சில்லென்றிருந்தது.

சில்லென்றிருந்தது என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தண்ணீர் குளிரும் என்பது எனக்கு மறந்து போயிருந்தது. அந்த ஆறு மாதமும் நான் குளித்துக்கொண்டுதான் இருந்தேன், ஒருநாளும் குளிர்ந்ததில்லை. கிண்ணத்தில் மிதந்த பூ மஞ்சளாக இருந்தது. அவள் விரலில் இலைக்கறை பச்சையாக இருந்தது. என் பெண் நனைந்து நின்று கத்திய கத்து காதைத் துளைத்தது. உலகம் முழுக்க அப்படியே இருந்திருக்கிறது, என்னைத்தான் உள்ளே விடவில்லை. படியில் நின்றுகொண்டு கையெடுத்துக் கும்பிட்டேன். எந்தச் சாமியை என்று கேட்காதீர்கள். அன்று மாலை மீன்காரி விலையைக் கூட்டிச் சொன்னாள். என் வாய் திறந்துகொண்டது. தெருவே திரும்பிப் பார்த்தது.

இதற்குள் ஒன்று மட்டும் நடக்காமல் இருந்தது. வீட்டுக்காரர் மமாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாடிப்படியில் அவள் வந்தால் இவர் கீழேயே நின்று செருப்பு வாரைச் சரிசெய்வார். நான் தேறத் தேற அவர் பேச்சு குறைந்தது. சாப்பாட்டைத் தட்டில் அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். விடிவதற்கு வெகு முன்பே எழுந்து சன்னல் பக்கம் நிற்பார். செய்த தப்பை நினைத்து வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். எனக்கு வந்தது என்ன என்று ஊருக்கே எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான், பக்கத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை.

முதல் மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். வேலையிலிருந்து வந்தவர் வீட்டுக்குள் நுழையாமல் எதிர்வாசலில் போய் நின்றார். நான் எங்கள் கதவருகில் இருந்து பார்த்தேன். மமா சுருட்டுத் தட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் கூட்டிவைத்துக்கொண்டு வந்ததைச் சொன்னார். அன்றைக்கு உங்களைத் தப்பாக நினைத்தது என் அழுக்கு மனசு என்று சொல்ல வந்திருக்கிறார். ஆயா சொன்ன அர்த்தம் தெரியும், ஆனாலும் அழுக்கு மனசு என்று சொல்ல அவரிடம் இருந்த பர்மியம் இவ்வளவுதான்.

தன் மார்பைத் தொட்டு, "செயிட் ஞிட்" என்றார்.

மமா அவரை மேலும் கீழும் பார்த்தாள். சுருட்டைத் தட்டில் வைத்தாள். "தெட்" என்றாள். "தெட், தெட்." ஏறு, ஏறி வா. அன்றைக்கு அவர் 'சின்' என்று இறக்கிவிட்ட அதே தோரணையில் சொன்னாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பும் இருந்தது. அவர் உள்ளே போய்த் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

அவள் அவரிடம் தமிழில் ஒரு கேள்வி கேட்டாள். ஆஸ்பத்திரியில் வாரா வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆயாவின் வாயிலிருந்து கற்றுக்கொண்ட தமிழ் அது.

"எப்ப இருந்து?"

தை மாதம் என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவளை இறக்கிவிட்டது தையில்தானே.  மழைச் சத்தம்தான் கேட்டது.

"தீபாவளி" என்றார். "தீபாவளியிலேருந்து."

சொல்லிவிட்டுத் தொப்பியில் முகத்தை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. டிராமில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்த அதே தோள். என் கால் அவரிடம் போகத் துடித்தது. மமா என்னைப் பார்த்து, வேண்டாம், இரு என்று கையைக் காட்டினாள்.  இலையை நீவினாள், தூளை வைத்தாள், உருட்டினாள், நுனியை மடித்தாள். அவர் அழுது முடிக்கும்வரை ஒவ்வொரு சுருட்டாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இருட்டுகிற நேரத்தில் வந்தார். கண் சிவந்திருந்தது.

"மன்னிச்சிட்டாங்களா புள்ள? என்னமோ சொன்னாங்க, எனக்கு வெளங்கல."

"நீங்க எங்க மன்னிப்புக் கேட்டீங்க? மனசு வாடிப்போச்சு, முடியலன்னுல்ல சொல்லிட்டு வந்திருக்கீங்க" என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். 

"அதுவும் நெசந்தான்" என்றார்.

மறுநாள் காலை மமா வருவதற்கு முன்பே எழுந்து, என் செருப்புக்குப் பக்கத்தில் அவர் செருப்பையும் தெருவைப் பார்க்க வைத்தேன்.